ஐப்பசிக் காலைக்கு எந்த ஊர்: காவிரிக் கரையா, தாமிரபரணிக் கரையா, கொல்லிமலையா?

பணி ஓய்வு பெற்றவர்களும், வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர்களும் இப்போது அடிக்கடி ஒரே கேள்வியோடு வருகிறார்கள். வருஷத்தில் இரண்டு மாதமாவது கிராமத்தில் வீடு பிடித்து, ஆடம்பரமில்லாமல் இருந்து பார்க்க வேண்டும். எந்த மாதம் போகலாம், எந்த ஊருக்குப் போகலாம்?

மாதத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும்தான். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுடும். ஆடியில் அம்மன் கோயில் கொடை, கூழ் வார்ப்பு என்று ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். மார்கழியில் நாலரை மணிக்கே பாட்டு ஆரம்பித்துவிடும். பக்திக்கு நல்ல மாதம், அமைதி தேடிப் போகிறவருக்கு அப்படியில்லை. தீபாவளி முடிந்த பிறகு வருகிற அந்த ஐந்தாறு வாரங்களில்தான் கிராமம் தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும். வெயில் தணிந்திருக்கும், பனி இன்னும் இறங்கியிருக்காது, கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியிருக்கும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் படங்களைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மலை, மூடுபனி, ஓட்டு வீடு. நான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்: அந்த ஊரில் மழை எந்த நேரத்தில் பெய்கிறது, பெய்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது. நான் இருந்து பார்த்த மூன்று பகுதிகளையும் இந்த இரண்டை வைத்தே ஒப்பிடுகிறேன்.

மழையின் நேரம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே வேளையில் பெய்வதில்லை. கடலோரத்தில் நள்ளிரவு தாண்டிப் பிடித்து விடியற்காலையில் வலுப்பதுதான் வழக்கம். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று கிளம்பும். அது வடகிழக்கிலிருந்து வருகிற ஈரக்காற்றோடு கரையோரத்தில் முட்டி மேகத்தைத் திரட்டும். உள்மாவட்டங்களிலும் மலையடிவாரங்களிலும் நிலைமை நேர்மாறு. பகல் வெயிலில் நிலம் காய்ந்து, பிற்பகல் மூன்று நாலு மணிக்கு மேல் இடி இடித்துக் கொட்டும். இரவு பத்துக்குள் ஓய்ந்து, காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. நாள் முழுக்கப் பெய்யும், எல்லா இடத்திலும் பெய்யும். மற்ற நாட்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

காலைக்காகவே ஒருவர் கிராமத்துக்குப் போகிறார் என்றால் இதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. மழையின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஒரு ஊரில் உங்கள் காலை நடையைத் தடுத்துவிடும். இன்னொரு ஊரில் மாலைத் தேநீருக்குத் துணையாக இருக்கும்.

காவிரி டெல்டா

டெல்டா என்று ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே இரண்டு நிலங்கள் இருக்கின்றன. திருவையாறு, பாபநாசம், சுவாமிமலை, கும்பகோணம் என்று நீளும் தலைப்பகுதி ஒன்று. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வளர்கிற அளவுக்கு அங்கே தண்ணீர் வடிந்துவிடும். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கடைமடை. மேலே பெய்கிற மழையெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏறி நின்றால் போகவும் போகாது. கடைமடை மக்களின் பொறுமையையும் உழைப்பையும் நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் முதல்முறை கிராமத்தில் தங்கப் போகிறவருக்கு ஐப்பசியில் அந்தப் பக்கத்தைச் சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

தலைப்பகுதியில் இருந்தால் ஐப்பசியில் பார்க்க வேண்டியது வயலைத்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்திருந்தால் குறுகிய கால நெல்லான குறுவையின் அறுவடை இப்போது முடிகிற நேரம். பக்கத்து வயலில் நீண்ட கால நெல்லான சம்பா தூர் கட்டிப் பச்சையாக நிற்கும். குறுவை அறுத்த நிலத்தில் இரண்டாம் போகமான தாளடிக்கு நடவு நடக்கும். அறுத்ததும், நட்டதும், வளர்வதும் ஒரே வரப்பில் நின்று பார்க்கக் கிடைப்பது வேறெங்கும் அபூர்வம். தண்ணீர் வராத வருஷத்தில் இந்தக் காட்சி பாதியாகக் குறைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏழு மணிக்குக் கிராமத்துச் சாலையில் நடந்தால் தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் பரப்பியிருக்கும். இரவு போர்த்திய தார்ப்பாயின் பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அதை நெல்லில் சிந்தாமல் ஓரமாகச் சரித்து இறக்குவது இரண்டு பேர் வேலை. “தம்பி, இந்த முனைய செத்த புடிங்க” என்று கூப்பிடுவார்கள். போய்ப் பிடிக்க வேண்டும். தார்ப்பாயை மடித்ததும் ஒருவர் நெல்லுக்குள் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். பின்னால் வரி வரியாகக் கோடு விழும், அடியில் இருந்த ஈர நெல் மேலே வரும். நாலு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். கடக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது, நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். அரசு நெல் வாங்குகிற நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழை மிகுந்த வருஷங்களில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்த்துகிறார்கள். அந்த அறிவிப்பு வரும்வரை இவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நமக்கு இதமாக இருக்கிற தூறல் அவர்களுக்கு மூட்டைக் கணக்கில் நஷ்டம். அங்கே தங்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. “என்ன அருமையான மழை” என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம்.

ஐப்பசிக்கென்றே டெல்டாவில் வேறு சிறப்புகளும் உண்டு. மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் மாதம் முழுக்கக் காவிரி நீராடல். மாதக் கடைசியில் கடைமுழுக்கு, கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தப் பெரிய லிங்கத்துக்கு அன்னாபிஷேகம். மன்னார்குடிப் பக்கம் வடுவூர் ஏரிக்குப் பறவைகள் வர ஆரம்பித்திருக்கும். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில் பாதை பாபநாசம், சுவாமிமலை, கும்பகோணம் வழியாகவே போவதால் சொந்த வண்டி இல்லாமலும் காலம் தள்ளலாம்; மருத்துவத்துக்குத் தஞ்சாவூரும் கும்பகோணமும் பக்கம்.

குறைகள் என்றால், கொசுதான் முதலில். துணி இரண்டு நாளானாலும் காயாது. தலைப்பகுதி கடலிலிருந்து தள்ளியிருந்தாலும், கடலோர மழை உள்ளே நீண்டு வருகிற நாட்களில் விடிந்த பிறகும் விடாமல் பெய்யும். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் திண்ணையிலேயே உட்கார வேண்டியிருக்கும் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டு போகிறவருக்கு டெல்டா ஏமாற்றம் தராது.

தாமிரபரணிக் கரை

சேரன்மகாதேவியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகக் கடையம் வரை உள்ள கிராமங்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். மேற்கே பொதிகை மலைத்தொடர், கிழக்கே திறந்த சமவெளி. இந்த அமைப்பே காலைக்காகச் செய்துவைத்தது மாதிரி. சூரியன் கிழக்கே கிளம்புவதற்குச் சற்று முன்பே மலையுச்சியில் வெளிச்சம் விழுந்துவிடும். நாம் நிற்கிற வயலில் இன்னும் இருட்டு கலந்திருக்கும். வெளிச்சம் பாறை பாறையாகக் கீழே இறங்கி வருவதை வரப்பில் நின்று பார்க்கலாம். முந்தின நாள் மாலை மழை பெய்திருந்தால் மலைமடிப்புகளில் புதிதாக வெள்ளைக் கோடுகள் தெரியும், எல்லாம் ஓடைகள். மாலையில் வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடுவதால் இந்த ஊர்களில் இருட்டும் சீக்கிரம். அதனால் எட்டரைக்கே படுத்து, தானாகவே ஐந்துக்கு விழிப்பு வந்துவிடும்.

மழை இங்கே பெரும்பாலும் மாலை விருந்தாளி. இதுதான் என் தேர்வுக்கு முதல் காரணம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஐப்பசியில் பிசானத்துக்கு நாற்றங்கால் விட்டுத் தொழி அடிப்பார்கள். டிராக்டர் சேற்றைக் கலக்கிக்கொண்டு போக, பின்னாலேயே கொக்குகள் வரிசையாக இறங்கும். நடவு கார்த்திகையில் களைகட்டும். முன்பு நடவின்போது பெண்கள் குலவையிடுவது மூன்று வயல் தாண்டிக் கேட்கும். இப்போது இயந்திர நடவும் வடமாநிலத் தொழிலாளர்களும் வந்துவிட்டார்கள். இன்னும் சில ஊர்களில் கேட்கிறது.

இரண்டாவது காரணம் வாய்க்கால். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரிகிற கால்வாய்கள் ஊர்களுக்குள்ளேயே ஓடுகின்றன. கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிந்து சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகப் போகிறது. காலை ஆறு மணிக்குப் படித்துறையில் இறங்கிக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வீட்டுக்கு நடப்பதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல முடியாது. மழை நாளில் தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும், இழுப்பும் கூடும். பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிடுவார்: “அண்ணாச்சி, மேலப் படித்தொறையில எறங்குங்க. கீழ உள்ளது பாசி, வழுக்கிரும்.” அந்தப் பேச்சைத் தட்டக் கூடாது. ஆற்றில் இறங்குவதாக இருந்தால் அணையில் தண்ணீர் திறப்பு உண்டா என்று விசாரித்துவிட்டே இறங்க வேண்டும்.

பக்கத்தில் போய்வரத் திருப்புடைமருதூர் இருக்கிறது. கடனா நதி தாமிரபரணியில் சேருமிடம். கோயிலும் பெரிய மருத மரங்களும், மரம் நிறையப் பறவைகளும். 2005-இல் நாட்டின் முதல் உயிரினப் பாதுகாப்பு ஒதுக்ககமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்ட இடம் அது. பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் ஊரே பார்த்துக்கொள்கிறது. கடையம், பாரதியார் தம் மனைவி செல்லம்மாளின் ஊர் என்று 1918 முதல் 1920 வரை வந்து தங்கியிருந்த ஊர். பத்தமடையில் ஒரு கோரைப்பாய் வாங்கிக்கொண்டால் கட்டில் தேவைப்படாது. திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதையில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம் எல்லாமே நிலையங்கள். அரசு மருத்துவமனை அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.

ஆபத்துகளை மறைக்க மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். அதனால் ஆற்றைப் பார்த்த வீடு என்று ஆசைப்படாதீர்கள். ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில், ஊரின் மேட்டுத் தெருவில் வீடு பாருங்கள். மலையை ஒட்டிய கிராமங்களில் காட்டுப்பன்றி, கரடி, சில இடங்களில் சிறுத்தையும் இறங்குவதுண்டு. விடிவதற்கு முன் தனியாக நடக்கப் போவது அங்கே நல்லதில்லை. சாலையோர ஊர் என்றால் கார்த்திகை முதல் தேதியிலிருந்து சபரிமலைக்குப் போகிற வண்டிகள் செங்கோட்டை, குற்றாலம் பக்கம் இரவு பகலாக ஓடும். குற்றாலத்தையே நான் பட்டியலில் சேர்க்காததற்கு அதுதான் காரணம். அங்கே அருவி உண்டு, அமைதி கிடைக்காது.

கொல்லிமலை

பலரும் முதலில் கேட்பது மலையைத்தான். கொல்லிமலையில் இருந்து பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், காபித் தோட்டமும், சாமையும் தினையும் இன்னும் விளைகிற சரிவுகளும், அறப்பளீஸ்வரர் கோயிலும் அருமையானவை. அருகிவந்த சிறுதானியங்களைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விவசாயிகளோடு சேர்ந்து நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகைக்கு அந்த மலையை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். மூடுபனி இறங்கிவிட்டால் காலை ஒன்பது மணிவரை எதிர்வீடு தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் அழகு. வாரக்கணக்கில் இருக்கிறவருக்குச் சுவரெல்லாம் ஈரம், மெத்தையில் பூஞ்சை வாடை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் கனமழையில் மண் சரிந்தால் அன்றைக்கு இறங்க முடியாது. இதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். சனி, ஞாயிறில் சுற்றுலா வண்டிகளின் இரைச்சல் வேறு. குளிருக்காகவே மலைக்குப் போகிறேன் என்பவர் தை, மாசியில் போகட்டும். வானம் தெளிந்திருக்கும், காபி அறுவடையின் கடைசிப் பகுதியையும் பார்க்கலாம்.

பொள்ளாச்சி–ஆனைமலைப் பகுதியைச் சிலர் சொல்வார்கள். நிழலும் தண்ணீரும் நிறைந்த நல்ல ஊர்கள்தான். ஆனால் அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோப்புக்குள் தனித்து நிற்கும் விருந்தினர் வீடுகள். தெருவும் அண்டை வீடும் இல்லாமல் இருப்பதைக் கிராம வாழ்க்கை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

எளிமை என்பது எது

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிராமத்தில் எளிமையாக இருப்பது சாமான்களைக் குறைப்பதோடு முடிந்துவிடாது. பால் யார் வீட்டில் கறக்கிறார்கள், கீரை யார் கொண்டுவருகிறார்கள், ராத்திரி மின்சாரம் போனால் யாரைக் கூப்பிடுவது என்று நாலு பேரைச் சார்ந்து இருக்கப் பழகுவதுதான் அதில் பெரும்பகுதி. நகரத்திலிருந்து மளிகை முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவருக்கு ஊர் கடைசிவரை திறக்காது. சொசைட்டிக்குப் போகிற பாலில் அரை லிட்டர் நமக்கு ஊற்றுகிற வீட்டு அம்மாவோடு தினமும் இரண்டு வார்த்தை பேசினாலே போதும். எந்தத் தெருவில் காய்ச்சல், எந்த வரப்பில் பாம்பு என்பதெல்லாம் தானாக வந்து சேரும். டெல்டாவிலும் தாமிரபரணிக் கரையிலும் இந்த உறவு சீக்கிரம் கிடைக்கிறது, தெருக்கள் நெருக்கமாக இருப்பதால். மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் நாளாகும்.

காய்ச்சலை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றுக்கும் இதுதான் காலம். குடிதண்ணீரைக் காய்ச்சுங்கள், கொசுவலை கட்டுங்கள், காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் கஷாயத்தை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

யாருக்கு எது

டெல்டாவில் சொந்த வீடோ, மாமா வீடோ, பெரியம்மா வீடோ இருந்தால் ஒப்பீடே வேண்டாம், அங்கேயே போங்கள். தெரிந்த மனிதர்கள் இருக்கிற ஊரில் அடைமழையும் பாரமாகத் தெரியாது. கோயில், திருவிழா, சங்கீதம் என்று ஈடுபாடு உள்ளவர்களுக்கும் கும்பகோணத்தைச் சுற்றிய கிராமங்களே பொருத்தம். எங்கும் உறவில்லாமல், முதல்முறையாக, காலைக்காகவே போகிறவருக்குச் சேரன்மகாதேவி–அம்பாசமுத்திரம் பகுதியைத்தான் உறுதியாகச் சொல்வேன். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் வாய்க்காலுக்கு ஒரு தெரு தள்ளி வீடு எடுங்கள். காலை ஒன்பது மணிக்கே இணையத்தில் கூட்டத்தில் உட்கார வேண்டியவர்கள், எந்தப் பகுதியாக இருந்தாலும், பேருந்து நிற்கிற பெரிய கிராமத்தையே தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்து மின்தடை உள்கிராமங்களில் நீளும். கொல்லிமலையை விட்டுவிட முடியவில்லை என்றால் மாதத்தை மாற்றுங்கள், மலையை மாற்ற வேண்டாம்.

எங்கே போனாலும் அதிக நாளுக்கு ஒப்புக்கொள்ளாமல் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பேசுங்கள். “கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை” என்பார்கள். நிலைமை பார்த்து மார்கழிக்கு நீட்டிக்கொள்ளலாம். புரட்டாசியிலேயே, முடிந்தால் மழை பெய்து முடிந்த மறுநாள், நேரில் போய் வீட்டைப் பாருங்கள். ஓட்டு வீடென்றால் உள்ளே நின்று மேலே பாருங்கள், ஓடு விலகிய இடத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும். சுவரில் முழங்கால் உயரத்தில் நீர்க்கறை கோடாக ஓடியிருந்தால் அந்த வீடு வேண்டாம். பிறகு வீட்டுக்காரரை விட்டுவிட்டு எதிர்வீட்டுப் பாட்டியிடம் போய், போன ஐப்பசியில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.